கல்லூரி மாறும் கூடைப்பந்து வீரர்கள்: விடுபட்ட ஒரு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஆண்டுக்கு ஒரு கல்லூரி என்று மாறிக்கொண்டிருக்கும் வீரர்கள் பணம் இருக்கும் பக்கம் சாய்கிறவர்கள் என்றும், தங்களை வளர்த்துவிட்ட கல்லூரிக்கு நன்றி காட்டத் தெரியாதவர்கள் என்றும் கட்டுரையாளர் வருத்தப்பட்டிருந்தார். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வரும் மாணவர்களின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து, எந்தெந்தப் பாடத்தை எங்கள் பட்டப்படிப்புக்கு ஏற்றுக்கொள்ளலாம் என்று கணக்கிடும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். விளையாட்டு வீரர்களின் பட்டியல்களும் என் மேசைக்கு வந்துதான் போகும். அந்த மேசையிலிருந்து பார்க்கும்போது கட்டுரையாளரின் கோபம் தவறான ஆளின் மீது பாய்ந்திருப்பதாகத் தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

எண்ணிக்கை பெரிதுதான், அதை மறுக்கவில்லை. முதல் நிலையான டிவிஷன் 1 பிரிவில் சுமார் 360 பல்கலைக்கழகங்கள் ஆடுகின்றன. 2025 வசந்த காலத்தில் ஆண்கள் கூடைப்பந்தில் மட்டும் 2,000 பேருக்கு மேல், கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பதிவேடான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்தார்கள். அந்த ஆண்டு தேசியப் பட்டம் வென்ற ஃபுளோரிடா அணியின் முக்கிய வீரர்களில் மூவர் வேறு கல்லூரிகளில் ஆடிவிட்டு அங்கே வந்தவர்கள். கட்டுரையாளர் இந்த அணியையே எடுத்துக்காட்டாகக் காட்டியிருந்தார். அந்த எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

இறுதிச் சுற்றின் சிறந்த வீரராகத் தேர்வான வால்டர் கிளேட்டன் ஜூனியர், நியூயார்க் மாநிலத்தில் உள்ள அயோனா என்ற சிறிய கல்லூரியிலிருந்து 2023இல் ஃபுளோரிடாவுக்கு வந்தார். அதே ஆண்டு, அவருக்குச் சற்று முன்னதாக, அயோனாவின் பயிற்சியாளர் ரிக் பிடினோ செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அலிஜா மார்ட்டின் 2023இல் ஃபுளோரிடா அட்லாண்டிக் அணியோடு கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தவர். அங்கே சான் டியாகோ ஸ்டேட்டிடம் கடைசி நொடியில் விழுந்த பந்தால் ஒரே ஒரு புள்ளியில் தோற்றவர். அந்தத் தோல்விக்குப் பிறகும் அவர் அதே கல்லூரியில்தான் மேலும் ஓர் ஆண்டு ஆடினார். 2024 மார்ச்சில் பயிற்சியாளர் டஸ்டி மே மிச்சிகனுக்குப் போன பிறகுதான் மார்ட்டினும் கிளம்பினார். மூன்றாமவரான வில் ரிச்சர்டின் கதை அப்படியல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் பெல்மான்ட்டை விட்டு வந்தபோது அங்கே பயிற்சியாளர் மாறவில்லை. ஆனாலும் மூவரில் இருவர், தங்களைத் தேடி வந்து சேர்த்தவர் போன பிறகே போனவர்கள். அப்படியிருக்க, நன்றி கெட்டவர் என்ற பட்டத்தை வீரருக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது?

இந்த ஏற்பாட்டில் கட்டு எந்தப் பக்கம் இருந்தது என்பது பழைய கதை. 1973இல், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, விளையாட்டு உதவித்தொகையை ஓராண்டுக்கு மட்டும் என்று மாற்றியது. 2012 வரை, பல ஆண்டுகளுக்கான உதவித்தொகையை ஒரு பல்கலைக்கழகம் கொடுக்க விரும்பினாலும் விதி இடம் தரவில்லை. அதாவது ஒவ்வோர் ஆண்டு முடிவிலும், ஆட்டம் பிடிக்கவில்லை என்றால், வீரரை விட்டுவிடும் உரிமை கல்லூரிக்கு இருந்தது. மறுபக்கம், வீரர் தாமாக விலகி வேறு கல்லூரிக்குப் போனால் ஓர் ஆண்டு முழுக்கப் போட்டியில் இறங்காமல் வெளியே உட்கார வேண்டியிருந்தது. அது போதாதென்று, எந்தெந்தக் கல்லூரிக்குப் போகக் கூடாது என்று சொல்லும் அதிகாரமும் பழைய பயிற்சியாளரிடம் இருந்தது. 2012இல் விஸ்கான்சினை விட்டுப் போக விரும்பிய ஜாரட் உத்தாஃபுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களின் கதவுகள் முதலில் அடைக்கப்பட்டன. ஊரெல்லாம் எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்தப் பட்டியல் சுருங்கியது. ஓராண்டுக்கு மட்டும் வாக்குக் கொடுத்துவிட்டு நான்காண்டு விசுவாசத்தை எதிர்பார்க்கும் இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

பயிற்சியாளர்களுக்கு இப்படி எந்தக் கட்டும் இருந்ததில்லை. ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் கட்ட வேண்டிய தொகை உண்டு. அதைப் பெரும்பாலும் புதிய பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும். 2024 ஏப்ரலில் ஜான் காலிபரி 15 பருவங்கள் இருந்த கென்டக்கியை விட்டு ஆர்கன்சாவுக்குப் போனார். அடுத்த பருவத்தில் கென்டக்கி அணியில் உதவித்தொகை பெறும் பழைய வீரர் ஒருவர்கூட இல்லை. சிலர் காலிபரியோடு போனார்கள், மற்றவர்கள் வேறு வேறு திசைகளில் போனார்கள். காலிபரி ஒரு போட்டியில்கூட வெளியே உட்காரவில்லை.

விதிகள் தளர்ந்தது ஒரே நாளில் நடந்ததல்ல. போர்ட்டல் என்ற பதிவேடு 2018 அக்டோபர் 15 அன்று வந்தது. பெயர் பெரிதாக இருந்தாலும் அது அடிப்படையில் ஒரு பட்டியல்தான்: போக விரும்பும் மாணவர் எழுத்தில் தெரிவித்தால், இரண்டு வேலை நாட்களுக்குள் பல்கலைக்கழகம் அவர் பெயரை அதில் ஏற்ற வேண்டும், ஏற்றிவிட்டால் பிற கல்லூரிகள் அவரோடு பேசலாம். அனுமதி கேட்பது போய், தகவல் சொன்னால் போதும் என்றானது. 2021இல் ஒரு முறை மட்டும் வெளியே உட்காராமல் மாறலாம் என்றார்கள். அதே ஆண்டு ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க வழி திறந்தது. பிறகு 2023 டிசம்பரில் ஒஹையோ உள்ளிட்ட 7 மாநிலங்கள், இரண்டாம் முறை மாறுகிறவர்களை உட்கார வைக்கும் விதியை எதிர்த்து வழக்குப் போட்டன. வாஷிங்டன், மொன்டானா ஸ்டேட் பல்கலைக்கழகங்களுக்குப் பிறகு மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு வந்து, ஆட அனுமதி கிடைக்காமல் இருந்த ரேகுவான் பேட்டில் என்ற வீரரின் பெயர் அந்த வழக்கில் பேசப்பட்டது. மேற்கு வர்ஜீனியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் விதிக்குத் தற்காலிகத் தடை விதித்தது. 2024 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ.வே இறங்கிவந்து, படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று அறிவித்தது. பணமும் இதனோடு சேர்ந்துகொண்டது என்பது உண்மை. 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்ற, வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம்.

கட்டுரையாளர் சொல்லாமல் விட்டது இதற்குப் பிறகு வருகிறது. போர்ட்டலில் இருக்கும் 2,000 பேரில் பேரம் பேசும் நிலையில் இருப்பவர்கள் கொஞ்சம் பேரே. பருவம் முடிந்ததும் பயிற்சியாளர் ஒவ்வொரு வீரரையும் தனியே அழைத்துப் பேசுவது வழக்கம். அந்த அறையில், "அடுத்த ஆண்டு உனக்கு ஆட நேரம் கிடைப்பது கடினம், யோசித்துக்கொள்" என்று சொன்னால் அதன் பொருள் என்னவென்று எல்லா மாணவருக்கும் தெரியும். டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்புவது என்று நாம் சொல்வோமே, அதையே இங்கே மரியாதையான மொழியில் செய்கிறார்கள். வெளியே வரும் செய்தியில் மட்டும் மாணவர் தாமாகவே போர்ட்டலில் சேர்ந்தார் என்று இருக்கும். பெயர் கொடுத்த பிறகு, நடப்புக் கல்விப் பருவம் முடிந்ததும் அவருடைய உதவித்தொகையை நிறுத்திக்கொள்ளப் பழைய கல்லூரிக்கு உரிமை உண்டு. எந்தக் கல்லூரியும் அழைக்காமல் கோடை கழிந்து போகிறவர்களைப் பற்றி விளையாட்டுப் பக்கங்கள் எழுதுவதில்லை.

அழைப்பு வந்தவர்களின் காகிதம் என் மேசைக்கு வரும். சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு பட்டியல் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த இளைஞர் மூன்று ஆண்டுகளில் இரண்டு கல்லூரிகளில் ஆடியவர், எங்களுடையது மூன்றாவது. இரண்டு பட்டியல்களையும் கூட்டினால் 106 கிரெடிட், அதாவது முடித்த பாடங்களுக்கான அலகுகள். 120 கிரெடிட் முடித்தால் பட்டம் என்பதால், இன்னும் 14தானே பாக்கி என்று நினைத்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். முதல் கல்லூரி காலாண்டு முறையில் இயங்குவது. அங்கே எடுத்த 48 கிரெடிட் எங்கள் செமஸ்டர் கணக்கில் மூன்றில் இரண்டு பங்காகி 32 ஆனது. 106 என்பது 90 ஆனது. அவர் படிக்க விரும்பியது உடலியக்கவியல். பிசியோதெரபி பக்கம் போக வேண்டும் என்பது ஆசை. அந்தப் பட்டத்துக்குப் பொருந்தும் பாடங்களை மட்டும் எடுத்துக் கூட்டினால் 58தான் தேறியது. உடற்கூறியலை அவர் ஆய்வகத்தோடு படித்துத் தேறியிருந்தார். ஆனால் அந்தக் கல்லூரியின் பாடத்திட்டம் எங்களுடையதோடு ஒத்துப்போகவில்லை என்று துறை திருப்பி அனுப்பிவிட்டது.

என்.சி.ஏ.ஏ. விதிப்படி, நான்காம் ஆண்டில் ஆட வேண்டுமானால் எடுத்திருக்கும் பட்டத்தின் 60 விழுக்காட்டை முடித்திருக்க வேண்டும். 120க்கு அது 72. ஆக 58ஐ வைத்துக்கொண்டு அவர் ஆட முடியாது. பொதுக்கல்விப் பட்டம் என்ற ஒன்று உண்டு. எந்தத் துறைப் பாடமாக இருந்தாலும் அதில் ஓரளவு பொருந்திவிடும். அந்தப் பட்டத்துக்கு அவர் பட்டியலைப் போட்டுப் பார்த்தால் 76 வந்தது. விளையாட்டுத் துறையிலிருந்து கூட வந்தவர் அந்த எண்ணைக் கேட்டதும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். மாணவர் படிவத்தை வாங்கி, "இதில் கையெழுத்துப் போட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்டார். மாற்றிக்கொள்ளலாம் என்றேன். மாற்றினால் ஆட முடியாது என்பதையும் சொல்ல வேண்டியது என் வேலை, சொன்னேன். கையெழுத்துப் போட்டார்.

விதி மீது எனக்குக் குறை இல்லை. இரண்டாம் ஆண்டு முடிவில் 40, மூன்றாம் ஆண்டு முடிவில் 60, நான்காம் ஆண்டு முடிவில் 80 விழுக்காடு என்பது, மாணவர் படிக்காமலேயே ஆடிவிட்டுப் போய்விடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்தது. ஆனால் ஒரே கல்லூரியில் இருப்பவரை மனதில் வைத்து எழுதிய அந்த அளவுகோல், மூன்று கல்லூரி பார்த்தவரைத் தனக்குப் பிடித்த படிப்பிலிருந்து, எண் பொருந்தும் படிப்புக்குத் தள்ளிவிடுகிறது.

சிறிய கல்லூரிகளுக்கு நேர்ந்திருப்பது இழப்பு என்பதில் கட்டுரையாளரோடு முழுவதும் உடன்படுகிறேன். 2022இல் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ், தேசியப் போட்டியில் தன் பிரிவின் 16 அணிகளில் 15ஆம் தரவரிசையில் இருந்துகொண்டு கென்டக்கியை வீழ்த்தி, கடைசி எட்டு அணிகளுக்குள் வந்தபோது என்னைப் போன்றவர்கள் தூக்கத்தை விட்டுப் பார்த்தோம். சில நாட்களில் பயிற்சியாளர் சீட்டன் ஹாலுக்குப் போனார், அணியும் கலைந்தது. மார்ச் மாதம் நடக்கும் அந்தத் தேசியப் போட்டியில், 2025இல் கடைசி 16 அணிகளும் நான்கே நான்கு பெரிய பல்கலைக்கழகக் கூட்டமைப்புகளைச் சேர்ந்தவை. மார்ச் மாத ஆட்டத்தின் ருசியே இப்படிக் கெடுகிறது. பள்ளி முடித்துவிட்டு வரும் 18 வயதுப் பையனைவிட, மூன்று ஆண்டு ஆடிப் பழகிய 22 வயதுக்காரரையே பயிற்சியாளர்கள் விரும்புவதால், புதியவர்களுக்கான இடங்களும் சுருங்கிவருகின்றன.

இதற்கு மருந்தாக வீரரைப் பழையபடி கட்டிப்போட வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்ததைத்தான் ஏற்க முடியவில்லை. நீதிமன்றமே தடுத்த கட்டு அது. பணம் நேரடியாகக் கைமாறும் இந்தக் காலத்தில் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று ஒப்பந்தம் எழுதலாம். ஆனால் அது வீரரைப் பிடித்துவைக்கும் அளவுக்குக் கல்லூரியையும் பிடித்துவைக்க வேண்டும். சேர்த்த பயிற்சியாளர் போய்விட்டால் வீரரும் அபராதமின்றிப் போகலாம் என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். என் மேசையிலிருந்து இன்னொன்றையும் கேட்பேன். புதிய கல்லூரி ஒருவரிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே, அவருடைய எத்தனை கிரெடிட் எந்தப் பட்டத்துக்குப் பொருந்தும் என்ற கணக்கை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். இது கடினமான வேலையல்ல. பட்டியல் கையில் இருந்தால் எனக்கு ஒரு பிற்பகல் போதும். இப்போது அந்தக் கணக்கு, கையெழுத்துப் போட்டு, வீடு மாறி, பயிற்சி தொடங்கிய பிறகுதான் பெரும்பாலும் என்னிடம் வருகிறது.

மேலே சொன்ன இளைஞர் எங்களிடம் ஒரு பருவம் ஆடினார், நன்றாகவே ஆடினார். கல்லூரி அணியில் ஆடும் தகுதிக் காலம் முடிந்தபோது பட்டத்துக்கு 15 கிரெடிட் பாக்கி இருந்தது. உதவித்தொகை அந்த ஆண்டோடு நின்றது. பிறகு வேலை பார்த்துக்கொண்டே சொந்தக் காசில் இணைய வழியில் இரண்டு பாடங்களை முடித்தார். இன்னும் மூன்று பாடங்கள் இருக்கின்றன. அடுத்த முறை இது குறித்துத் தங்கள் நாளிதழ் எழுதும்போது, ஒரு வீரர் எத்தனை கல்லூரி மாறினார் என்பதோடு, கடைசியில் எந்தப் படிப்பில் பட்டம் வாங்கினார் என்பதையும் விசாரித்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் பணிபுரியும் தங்கள் வாசகர்