கிருமியின் டிஎன்ஏ கிடைத்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். நுரையீரல், தோல் போன்ற உறுப்புகளில் நோயெதிர்ப்புச் செல்கள் கிரானுலோமா எனும் சிறு கட்டிகளாகத் திரளும் சார்காய்டோசிஸ் நோயின் காரணம் பிடிபட்டுவிட்டது என்னும் பொருளில் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தோம். நோயாளியின் திசுவில் ஒரு பாக்டீரியாவின் டிஎன்ஏ கிடைத்தது என்பது வேறு. அதுதான் நோயை உண்டாக்கியது என்பது வேறு.

இந்நோயின் காரணமாக அதிகம் பேசப்படும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா எல்லோர் தோலிலும் குடியிருப்பது. சார்காய்டோசிஸ் இல்லாதவர்களின் நிணநீர்க் கணுக்களிலும், குறைந்த அளவில், தென்படுகிறது. கெடாமலிருக்க ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதிந்த பயாப்ஸியில் (சோதனைக்காக எடுத்த திசுவில்) தேடும்போது சிக்கல் இருபக்கமும் வரும். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாக்கிவிடும். பல நூறு கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) நீளமான பகுதியை, டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆரில் தேடினால், இருப்பதும் இல்லை என்று வரும். வெட்டும் பிளேடு, சீவல்களை மிதக்கவிடும் நீர்த்தொட்டி, ஏன், டிஎன்ஏ பிரிக்கும் கிட்கூட வெளி டிஎன்ஏவைக் கொண்டுவந்து சேர்த்து, இல்லாததை இருப்பதாகக் காட்டும். ஒவ்வொரு மெழுகுக் கட்டிக்கும் பிளேடு மாற்றினார்களா, திசுவே இல்லாத வெறும் மெழுகையும் அதே சோதனைக்கு உட்படுத்தினார்களா என்று செய்தியாளர் கேட்டிருக்க வேண்டும்.

காசநோய்க் கிருமியைச் சந்தேகிப்பதற்கு இதைவிடக் கனமான ஆதாரம் உண்டு. 2005இல் அதன் கேட்-ஜி என்னும் புரதம் சார்காய்டோசிஸ் திசுக்களில் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய பாதி நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடியும் இருந்தது. ஆனால் காசநோய்த் தொற்றைக் கண்டறியும் டியூபர்குலின் சோதனையில் பாசிட்டிவ் ஆன, சார்காய்டோசிஸ் இல்லாத சிலரிடமும் அந்த ஆன்டிபாடி இருந்தது. கிருமி போய்விட்டாலும் அதன் எச்சம் தங்கி கிரானுலோமாவைத் தூண்டக்கூடும் என்பதுதான் இதிலிருந்து சொல்லக்கூடியது.

தொடக்கம் எதுவானாலும், நோய் ஏன் நீடிக்கிறது என்பது தனிக் கேள்வி. எங்கள் கணிப்பில் சிகிச்சைக்கு வழிகாட்டப்போவது அதுதான். எலிகளின் மேக்ரோஃபேஜ்களில் (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களில்) டிஎஸ்சி2 மரபணுவை நீக்கியபோது, கிருமி எதையும் செலுத்தாமலேயே கிரானுலோமாக்கள் தோன்றின (2017). அந்த மரபணு அடக்கிவைக்கும், செல் வளர்ச்சியை முடுக்கும் எம்டிஓஆர் பாதை ஓயாமல் இயங்கியதே காரணம். இன்னொரு பக்கம், சிடி4 டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதம் மேக்ரோஃபேஜ்களைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சமிக்ஞையைத் தடுக்கும் டோஃபாசிட்டினிப் மருந்து தோல் பாதிப்பைக் குறைத்ததாக 2022இல் வந்த ஆய்வு நம்பிக்கை தருகிறது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 10 பேர், போலி மருந்து பெற்ற ஒப்பீட்டுக் குழுவும் இல்லை.

மாதிரியை எங்கே, எப்போது எடுத்தார்கள் என்பதும் முடிவையே மாற்றும். நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தில் சிடி4 செல்கள் குவிந்திருக்கும்போது, அதே நோயாளியின் ரத்தத்தில் அவை குறைந்திருக்கலாம். ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு எடுத்த மாதிரியில் தெரியும் மரபணு இயக்கம் நோயினுடையதா, மருந்தினுடையதா என்று பிரிப்பது கடினம். இந்நோய்க்காக ரத்தத்தில் பார்க்கும் ஏசிஇ என்ற நொதியின் அளவும் இப்படித்தான் ஏமாற்றும்: ஒருவர் பிறவியிலேயே பெற்ற ஏசிஇ மரபணு வகையைப் பொறுத்து அது கூடும், குறையும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் அதைத் தாழ்த்திவிடும்.

நோயின் போக்கிலும் மரபணுவுக்குப் பங்குண்டு. ஹெச்எல்ஏ-டிஆர்பி1*03 என்ற நோயெதிர்ப்பு மரபணு வகை உள்ள ஸ்வீடன் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் தானாகவே தணிந்தது. அப்படித் தணியக்கூடியவர்கள், ‘கிருமி சிக்கியது’ என்ற செய்தியை நம்பி மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கேட்டு நிற்கக் கூடாது. அடுத்த முறை இத்தகைய ஆய்வைப் பற்றி எழுதும்போது, ஒப்பீட்டு மாதிரிகளில் என்ன கிடைத்தது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மூலக்கூறு நோயியல் ஆய்வாளர்கள் இருவர்