பிளாக்செயின் தற்செயலாகப் பிளந்தால் வாலட்டைப் புதுப்பிக்க அவசரம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிட்காயின் விலை ஏறினாலும் இறங்கினாலும் நம் நாளிதழ்களில் செய்தி வருகிறது. கிரிப்டோ மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவர்களைப் பற்றியும் வருகிறது. ஆனால் பிளாக்செயின், அதாவது கிரிப்டோ பரிவர்த்தனைகளைப் பல கணினிகள் பகிர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்குப் பதிவு, தற்செயலாக இரண்டாகப் பிளந்துவிடும் நாளில், வாலட் (கிரிப்டோவை அனுப்பவும் பெறவும் உதவும் மென்பொருள் அல்லது கருவி) வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதுவதில்லை. அன்றைக்குப் புலனக் குழுக்களில் முதலில் சுற்றப்போவது "உடனே அப்டேட் செய்யுங்கள்" என்ற தகவல்தான். பிளவினால் காசு போவது அபூர்வம். அந்தத் தகவலோடு வரும் லிங்கை அழுத்தினால் மொத்தமும் போகலாம். அதனால்தான் இக்கடிதம்.

பரிவர்த்தனைகளின் தொகுப்புகளான பிளாக்குகளை வரிசையாகக் கோத்ததே இந்தச் சங்கிலி. எல்லாக் கணினிகளும் ஒரே விதியைக் கடைப்பிடிக்கும்வரை சங்கிலி ஒன்றாக இருக்கும். மென்பொருளின் ஒரு பதிப்பு ஏற்கும் பிளாக்கை இன்னொரு பதிப்பு நிராகரித்தால், ஒரே கடைக்கு இரண்டு கணக்குப் புத்தகம் எழுதத் தொடங்கியதுபோல் ஆகிவிடும். 2013 மார்ச்சில் பிட்காயினுக்கு அதுதான் நடந்தது. அப்போது புதிதாக வந்திருந்த 0.8 பதிப்பு, பெர்க்லி டிபி தரவுத்தளத்தை விட்டு லெவல் டிபிக்கு மாறியிருந்தது. பழைய 0.7 பதிப்பிலோ பெர்க்லி டிபி ஒரே நேரத்தில் தரவுக்குப் போடும் பூட்டுகளுக்கு ஓர் எண்ணிக்கை வரம்பு இருந்தது. பரிவர்த்தனைகள் நிறைந்த பெரிய பிளாக் ஒன்று வந்ததும் அந்த வரம்பு மீறிப்போய், 0.7 அதை ஏற்க மறுத்தது. 225430 என்ற உயரத்தில் (உயரம் என்பது பிளாக்கின் வரிசை எண்) சங்கிலி பிரிந்தது. மலேசிய நேரப்படி மார்ச் 12 காலையில் தொடங்கி பிற்பகல்வரை இரண்டு சங்கிலிகள் ஓடின.

தீர்வு என்னவாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். புதிய பிளாக்குகளை உருவாக்கும் மைனர்களைப் பழைய 0.7 பதிப்புக்குத் திரும்பச் சொன்னார்கள். 0.7 சங்கிலி நீளமானால் 0.8 கணினிகளும் அதை ஏற்றுக்கொள்ளும், ஆனால் 0.8 சங்கிலி எவ்வளவு நீண்டாலும் 0.7 கணினிகள் அதை ஏற்கவே முடியாது. காரணம் அவ்வளவுதான். 24 பிளாக்குகள் கைவிடப்பட்டன. சாதாரணப் பயனர்கள் எதையும் மாற்றத் தேவையிருக்கவில்லை. சில நாள்களில் 0.8.1 வந்தது.

2021 ஆகஸ்டில் எத்திரியம் என்ற இன்னொரு பிளாக்செயினில் நடந்தது இதற்கு நேர்மாறு. எத்திரியத்தை இயக்கும் கெத் மென்பொருளின் பிழைக்குத் திருத்தமாக 1.10.8 பதிப்பு ஆகஸ்ட் 24 அன்று வெளியானது. மூன்று நாள் கழித்து அந்தப் பிழையை யாரோ பயன்படுத்தியபோது, புதுப்பிக்காமல் இருந்தவர்களின் கணினிகள் தவறான சங்கிலிக்குப் போய்விட்டன. ஆகவே முன்னே போவதா, பின்னே வருவதா, சும்மா இருப்பதா என்பதை நாமாக ஊகிக்க முடியாது. மென்பொருளை எழுதியவர்களின் அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அறிவிப்பு வரும்வரை எதையும் அனுப்பாதீர்கள். யாரிடமிருந்தும் காசு வந்துவிட்டதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். வழக்கமாக 6 உறுதிப்படுத்தல்கள் (பரிவர்த்தனை உள்ள பிளாக்கும் அதன்மேல் சேரும் பிளாக்குகளும்) கிடைத்தால் போதும் என்போம். பிளவு நேரத்தில் உங்கள் திரையில் தெரியும் 6, நாளை கைவிடப்படப்போகும் சங்கிலியின் 6 ஆக இருக்கலாம். அனுப்பியவர் அதே காசை மறு சங்கிலியில் வேறொரு முகவரிக்கு அனுப்பியிருந்தால், உங்களுக்கு வந்தது மறைந்துவிடும். 2013 பிளவின்போது ஏறத்தாழ 10,000 அமெரிக்க டாலர் மதிப்புள்ள இரட்டைச் செலவு ஒன்று அப்படித்தான் நடந்தது. 2015 ஜூலையில் இன்னொரு பிளவு ஏற்பட்டபோது, முழுச் சங்கிலியையும் தானே சரிபார்க்காத இலகு வாலட் வைத்திருப்பவர்கள் வழக்கத்தைவிட 30 உறுதிப்படுத்தல்கள் கூடுதலாகக் காத்திருக்கும்படி அறிவுறுத்தப்பட்டது. அதாவது சுமார் 5 மணி நேரம். நேருக்கு நேர் கிரிப்டோ வாங்குகிறவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். உடனடி வங்கிப் பரிமாற்றச் சேவையான டூயிட்நவ்வில் நீங்கள் அனுப்பும் ரிங்கிட் அந்த நொடியே போய்விடுகிறது. வந்த பிட்காயின் மட்டும் காற்றில் கரைந்துவிடலாம்.

அடுத்து, உங்களிடம் இருப்பது எந்த வகை வாலட் என்று பாருங்கள். மலேசிய செக்யூரிட்டிஸ் கமிஷனில் பதிவுபெற்ற பரிமாற்றத் தளத்தில் கணக்கு என்றால், நீங்கள் புதுப்பிக்க ஒன்றுமில்லை. தளம் வைப்பையும் எடுப்பையும் நிறுத்தி வைத்தால் அது நல்லதுதான். லெட்ஜர், ட்ரெஸர் போன்ற கருவிகள் காசைச் செலவிட அனுமதி தரும் ரகசியச் சாவியை மட்டுமே வைத்திருக்கின்றன. எந்தச் சங்கிலி சரி என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. அதன் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதால் பிளவு சரியாகாது. மெட்டாமாஸ்க் போன்றவை வேறொருவரின் சர்வர் சொல்வதைக் காட்டுகின்றன. 2020 நவம்பரில் வாலட்டுகளுக்குச் சங்கிலித் தகவல் தரும் இன்ஃபியூரா சேவை பழைய கெத் பதிப்பை ஓட்டிக்கொண்டிருந்ததால், அதை நம்பியிருந்த வாலட்டுகளில் இருப்புத் தொகையே தவறாகத் தெரிந்தது. அந்த நேரத்தில் வாலட்டை அழித்து மீண்டும் நிறுவுவதில் பயனில்லை. வாலட்டைத் திரும்பப் பெற உதவும் மீட்புச் சொற்களை எழுதி வைக்காமல் அழித்தவருக்கு அதுவே பெரும் ஆபத்து.

உண்மையில் வேலை இருப்பது முழு நோட், அதாவது முழுச் சங்கிலியையும் இறக்கிச் சரிபார்க்கும் மென்பொருள், ஓட்டுபவர்களுக்குத்தான். முதலில் எந்தச் சங்கிலியில் இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். உயரத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். இரண்டு சங்கிலிகளும் ஒரே உயரத்தில் இருக்கலாம். பிளவு ஏற்பட்ட உயரத்துக்கு அடுத்த பிளாக்கின் ஹேஷை (கைரேகை போன்ற நீண்ட எழுத்துச் சரம்) எடுத்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத சங்கிலியைப் பார்க்க உதவும் இரண்டு எக்ஸ்ப்ளோரர் தளங்களில் அதே உயரத்தில் உள்ள ஹேஷோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிட்காயின் கோர் என்ற நோட் மென்பொருளின் பயனர்கள், கட்டளை தட்டும் கன்சோல் சாளரத்தில் கெட்-செயின்-டிப்ஸ் (getchaintips) கட்டளையைக் கொடுத்தால், நோட்டுக்குத் தெரிந்த எல்லாக் கிளைகளும் அவற்றின் நிலையும் வரும். செல்லாது என்று குறிக்கப்பட்ட நீண்ட கிளை ஒன்று அதில் தெரிந்தால், நீங்கள் பிளவின் ஒரு பக்கத்தில் நிற்கிறீர்கள்.

புதுப்பிக்க வேண்டும் என்று அறிவிப்பு சொன்னால், முதலில் வாலட் கோப்பை மெனு வழியாகவே பேக்அப் எடுத்து, பென்டிரைவில் போட்டு, அதைத் தனியாகக் கழற்றி வையுங்கள். பிறகு மென்பொருளை முறையாக மூடி, மூடும் சாளரம் தானாக மறையும்வரை காத்திருங்கள். சில நிமிடங்கள் ஆகலாம். பொறுமையிழந்து சுவிட்சை அணைத்தால் தரவுத்தளம் கெட்டுப்போய், 600 ஜிபிக்கும் மேற்பட்ட சங்கிலியை முதலிலிருந்து சரிபார்க்க வேண்டிவரலாம். புதிய கோப்பை நீங்களே முகவரி தட்டித் திறந்த அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி, அதன் ஷா-256 மதிப்பை (கோப்பின் ஹேஷ்) வெளியீட்டுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அந்தப் பட்டியலின் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபாருங்கள். கோப்பும் பட்டியலும் ஒரே போலித் தளத்திலிருந்து வந்திருந்தால், மதிப்பு பொருந்துவதற்கு அர்த்தமே இல்லை.

புதுப்பித்த பிறகும் சிலருக்கு நோட் நகராது. காரணம், பழைய பதிப்பு ஒரு பிளாக்கைச் செல்லாது என்று குறித்து வைத்திருக்கும். புதிய பதிப்பு அந்தக் குறிப்பைத் தானாக அழிப்பதில்லை. ரீகன்சிடர்-பிளாக் (reconsiderblock) கட்டளையோடு அந்த பிளாக்கின் ஹேஷைக் கொடுத்தால் அது மறுபடி சோதிக்கப்படும். அதுவும் பலிக்காவிட்டால்தான் ரீஇண்டெக்ஸ், அதாவது எல்லா பிளாக்குகளையும் முதலிலிருந்து சரிபார்ப்பது. இடத்தை மிச்சப்படுத்தப் பழைய பிளாக்குகளை நீக்கும் வசதியை இயக்கியிருந்தால், ரீஇண்டெக்ஸ் என்பது மொத்தத்தையும் மீண்டும் பதிவிறக்குவதுதான்.

போலிப் புதுப்பிப்பு பற்றிய பயம் வீணானதல்ல. 2018 டிசம்பரில் எலெக்ட்ரம் வாலட்டில் அனுப்பு பொத்தானை அழுத்தியவர்களுக்கு, புதிய பதிப்பை இறக்கச் சொல்லி ஒரு சாளரம் தோன்றியது. தோன்றியது வாலட்டின் உள்ளேதான். அனுப்பியதோ கெட்டவர்கள் நடத்திய சர்வர். இறக்கி நிறுவியவர்கள் 200 பிட்காயினுக்கும் மேல் இழந்தார்கள். எனவே வாலட்டே சொன்னாலும் அதில் உள்ள லிங்கை அழுத்தாதீர்கள். ஏற்கெனவே இயங்கும் வாலட்டைப் புதுப்பிக்க 12 அல்லது 24 மீட்புச் சொற்கள் தேவையே இல்லை, கேட்பவர் திருடர்.

சொற்களைக் கொடுத்துவிட்டிருந்தால், மிச்சமிருப்பதை வேறொரு கருவியில் புதிதாக உருவாக்கிய வாலட்டுக்கு உடனே மாற்றுங்கள். காத்திருக்கச் சொன்ன விதி இந்த ஒரு நிலையில் பொருந்தாது. வங்கிக் கணக்கிலிருந்தும் பணம் போயிருந்தால், தாமதிக்காமல் மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைத்துவிட்டுப் போலீசில் புகார் செய்யுங்கள். கிரிப்டோவை எந்த வங்கியும் திருப்பி எடுக்க முடியாது, ஆனால் ரிங்கிட்டைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

இப்படிக்கு,
கணினிப் பாதுகாப்புத் துறை வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்