அதிர்ஷ்டம் வேண்டாம் என்கிற கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் 31 வருடம் பால்மரம் வெட்டியவள் நான். படிவம் 2 படிக்கும் என் பேத்தி, மூன்று நோட்டுப் புத்தகம் நிறைய ஒரு நாவல் எழுதியிருக்கிறாள்.

கதையில் ஒரு பெண் முனியாண்டி கோயில் மரத்தடியில் ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்கு ஒன்றை எடுக்கிறாள். அன்றிலிருந்து அதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்கிறது. படிக்காமல் போன தேர்வில் எல்லாம் சரி, உடனே காப்பியடித்தாள் என்று விசாரணை. குலுக்கலில் மூன்றாவது ஐஸ்பெட்டி வருகிறது, வீட்டில் வைக்க இடமில்லை. அந்த மங்கினை ஆற்றில் எறிந்தால் மீன் பிடிக்கிறவர் திருப்பிக் கொண்டுவந்து தருகிறார்.

சிரித்துச் சிரித்து எனக்கு இருமலே வந்துவிட்டது. ஏனென்றால் 1987இல் என் வீட்டுக்காரருக்கு நாலு நம்பர் குலுக்கலில் முதல் பரிசு அடித்தது. அப்புறம் லயத்து வரிசை வீடுகளில் நிம்மதியே இல்லை. விடிகாலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, போகும்போதே, "அண்ணே, ராத்திரி என்ன கனவு?" என்று நம்பர் எடுக்க ஆள்கள் வழிமறிப்பார்கள். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்களில் 23க்குத்தான் பரிசு என்று சொன்னால் யார் கேட்டார்கள்? அவர் தும்மினால்கூட எத்தனை தும்மல் என்று எண்ணினார்கள்!

உங்கள் ஞாயிறு பதிப்பில் பிள்ளைகளுக்கு அறிவுரைக் கதைதான் அதிகம். இந்த மாதிரிச் சிரிப்புக் கதையைத் தொடராகப் போடக் கூடாதா? நோட்டுகளை அனுப்பி வைக்கிறேன். எழுத்துப் பிழை இருக்கும், மன்னிக்கவும்.

ஒரு பாட்டி,
சுங்கை சிப்புட், பேராக்