கருப்பனோடு வீடு மாறினோம்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மா அப்பாவும் வீட்டில் எல்லாரும் நலம்தானே? புது முகவரியை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீயும் சீக்கிரம் வீடு மாறப்போவதாகச் சொன்னாய், எங்கள் பூனை கருப்பனை எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று கேட்டாய். போனில் அவசரமாகச் சொல்லும் விஷயம் இல்லை, அதனால்தான் கடிதம்.

இந்த நாட்டில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வியே பிராணி வளர்க்கிறீர்களா என்பதுதான். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று வாயால் சொன்ன ஒருவருடைய வீடு எங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனாலும் விட்டுவிட்டோம். ஒப்பந்தத்தில் பூனைக்கு அனுமதி என்று எழுதிக் கொடுத்தவர் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறோம். வாடகை கொஞ்சம் கூட. பரவாயில்லை, நிம்மதியாகத் தூங்கலாம்.

கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர இங்கே சொந்தபந்தம் கிடையாது. கூட வேலை பார்ப்பவர்கள்தான் வந்து சாமான் தூக்கினார்கள். நாள் முழுக்க வாசல் கதவு திறந்தே கிடந்தது. எல்லாரும் பயணத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள், எனக்கோ அந்தக் கதவுதான் பயம். கட்டில் மேசை நகரும் சத்தத்தில் மிரண்ட பூனை, காலுக்கிடையில் நழுவி ஓடினால் அவ்வளவுதான். அதனால் காலையிலேயே குளியலறையைக் காலி செய்து, அவன் மலஜலம் கழிக்கும் மண்தட்டு, தண்ணீர், அவனைத் தூக்கிப்போகும் கூடை எல்லாம் வைத்து, கருப்பனை உள்ளே விட்டுச் சாத்திவிட்டோம். கதவில் "உள்ளே பூனை, திறக்காதீர்கள்" என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். எல்லாச் சாமானும் ஏறிய பிறகு, கடைசியாகத்தான் அவனை வெளியே எடுத்தோம்.

கூடையைச் சில வாரம் முன்பே கூடத்தில் திறந்து வைத்துவிட்டோம். சாப்பாடும் அதற்குள்ளேதான். மருத்துவரிடம் போகும் நாளில் மட்டும் கூடையைப் பார்க்கிற பூனை, அதைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்விடும். கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே கொஞ்சமாகச் சாப்பாடு கொடுத்ததோடு சரி. லாரியில் சாமானோடு ஏற்றவே கூடாது. நம்மோடு காரில், பின்சீட்டில், கூடை நகராதபடி பெல்ட் போட்டுத்தான். வழியில் காரைப் பூட்டிவிட்டு "ஐந்து நிமிஷம்தானே" என்று இறங்கிவிடாதே. வெயிலில் மூடிய காருக்குள் பத்து நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. தூக்க மாத்திரை கொடு என்று யாராவது சொல்வார்கள், மருத்துவரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதே.

புது வீட்டில் முதலில் ஒரே ஒரு அறைதான் அவனுக்கு. அவன் படுக்கும் போர்வையைத் துவைக்காமல் அப்படியே விரித்தோம் (அம்மாவிடம் சொல்லாதே!). தன் வாசனை இருந்தால்தான் பூனைக்கு அது தன் இடம். அவனை உள்ளே விடுவதற்கு முன் அந்த அறையின் ஜன்னல் வலையைச் சரிபார்த்தோம். மற்ற அறைகளைத் திறந்துவிடுவதற்கு முன் வாஷிங் மெஷின் பின்னால், சமையலறை அலமாரிச் சந்துகள் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பு குடியிருந்தவர்கள் எலி மருந்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம், அதையும் தேட வேண்டும். கருப்பன் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். நாங்கள் இழுக்கவில்லை, ராத்திரி தானாக வந்து சாப்பிட்டான். ஒரு நாளைக்கு மேல் பூனை எதையுமே தொடாவிட்டால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். ஆண் பூனை மண்தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

அவனுக்குத் தோளுக்கு நடுவே தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சிப் இருக்கிறது. அதை வைத்து அவன் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிக்கலாம் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை. சிப்பைப் படிக்கும் கருவியைக் காட்டினால் 15 இலக்க எண் ஒன்று வரும், அவ்வளவுதான். நம் பெயரும் முகவரியும் அந்த எண்ணைப் பதிந்து வைத்திருக்கும் பதிவேட்டில்தான் இருக்கும். அங்கே பழைய போன் நம்பரே கிடந்தால் சிப் இருந்தும் பிரயோஜனமில்லை. அதனால் கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிட்டோம். இப்போதைக்கு அவனை வெளியே விடுவதில்லை, இரண்டு மூன்று வாரமாவது போகட்டும். சில பூனைகள் பழைய வீட்டைத் தேடி நடந்தே போய்விடும் என்பதால், அங்கே பக்கத்து வீட்டில் அவன் போட்டோவும் எங்கள் நம்பரும் கொடுத்து வைத்திருக்கிறோம்.

உன் நாய்க்கு இவ்வளவு பாடு இருக்காது. நீ இருக்கும் இடம்தான் அதற்கு வீடு. சாப்பாட்டு நேரமும் நடக்கக் கூட்டிப்போகும் நேரமும் மாறாமல் பார்த்துக்கொள். எவ்வளவு சொன்ன பேச்சு கேட்கிற நாயாக இருந்தாலும் புதுத் தெருவில் வாரை அவிழ்க்காதே. கழுத்துப்பட்டையில் புது நம்பரை மாறும் நாளுக்கு முன்பே மாட்டிவிடு. காரில் போனால் அது வாந்தி எடுக்கும் என்றாயே, அதற்கு மருந்து உண்டு, இப்போதே மருத்துவரைப் போய்ப் பார்.

தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
தம்பி