ஹாக்பில் கத்தியின் நுனி சுருண்டது பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு

பொருள்: தோட்ட வேலைக்கான ஃபிக்ஸட் பிளேடு (மடங்காத) ஹாக்பில் கத்தியின் நுனி பதம் (கடினம்) இழந்திருப்பது, அதன் உறை பாதுகாப்பாக இல்லாதது – மாற்றுக் கத்தி கோரியும், அது வந்த தயாரிப்புத் தொகுப்பு முழுவதையும் பரிசோதிக்கக் கோரியும்.

ஐயா / அம்மா, வணக்கம்.

தோட்டப் பராமரிப்புதான் என் தொழில். உங்கள் நிறுவனத்தின் ஹாக்பில் கத்தியை, அதாவது பருந்தின் மூக்கு போல அலகு உள்பக்கம் வளைந்த கத்தியை, வேலைக்காக வாங்கினேன். சில வாரங்களிலேயே அதன் நுனி ஒரு பக்கமாகச் சுருண்டுவிட்டது. படம் எடுத்துப் புகார் அனுப்பினேன். மண்ணைத் தோண்டியதாலோ எதையாவது நெம்பியதாலோ இப்படி ஆகியிருக்கும், தவறான பயன்பாட்டுக்கு உத்தரவாதம் கிடையாது என்று உங்கள் சேவைப் பிரிவிலிருந்து பதில் வந்தது. கூடவே துருப்பிடிக்காமல் வைத்துக்கொள்வது எப்படி என்று ஒரு பத்தி. துருவைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எழுதியதை யாரும் முழுதாகப் படிக்கவில்லை என்றே தோன்றுகிறது. அதனால் இந்த முறை விரிவாக எழுதுகிறேன். அரமும் சாணையும் பிடித்துப் பழகிய ஒருவர் இதைப் படிக்க வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

முதலில் இந்தக் கத்தியை ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு மடக்குக் கத்தி ஒத்து வருவதில்லை. மண்ணும் செடிப் பாலும் மூட்டுக்குள் போய் இறுகிவிடும், பூட்டு சரியாக விழுந்ததா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருக்கும். அலகும் பிடியும் ஒரே துண்டாக இருந்தால் அந்தக் கவலை இல்லை. உங்கள் கத்தியில் எஃகு பிடியின் கடைசி வரை ஓடுகிறது, பிடியின் நிறமும் புல்லில் விழுந்தால் சட்டென்று கண்ணில் படுகிற நிறம். வடிவமைத்தவருக்குத் தோட்ட வேலை தெரிந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் குறையை இவ்வளவு தூரம் எடுத்து எழுதுகிறேன். அக்கறையில்லாமல் செய்த பொருளாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கியிருப்பேன்.

இந்தக் கத்தியில் நான் செய்த வேலைகள் இவை: தாங்குகுச்சியோடு கட்டிய சணல் கயிறுகளை அறுப்பது, வேர்ப்பந்தைச் சுற்றியிருக்கும் சாக்கைக் கிழித்து எடுப்பது, களை தடுப்பு விரிப்பை அளவாக வெட்டுவது, படர்ந்த கொடிகளை இழுத்து அறுப்பது. அப்புறம், தொட்டியில் நெடுநாள் இருந்த செடியை மாற்றி நடும்போது, தொட்டியின் வடிவத்துக்கே வட்டம் சுற்றி இறுகிப் போயிருக்கும் வேர்களை மேலிருந்து கீழாகக் கீறிவிடுவது. விரலளவு பச்சைக் கிளை வரைதான் இதைத் தொட விடுவேன். அதற்கு மேல் கவாத்துக் கத்தரி, அதற்கும் மேல் ரம்பம். இவை எல்லாமே உங்கள் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேலைகள்தான். மண்ணைக் கிளற என்னிடம் வேறு கருவி இருக்கிறது.

சரி, நுனிக்கு வருகிறேன். உங்கள் பெட்டியில் 1095 ரகக் கார்பன் எஃகு, கடினம் ராக்வெல் சி அளவில் (எஃகின் கடினத்தைச் சொல்லும் அளவுகோல்) 56–58 என்று போட்டிருக்கிறீர்கள். அந்தக் கடினத்தில் இருக்கும் மெல்லிய நுனியை அளவுக்கு மீறி நெம்பினால் என்ன ஆகும்? ஒடியும். உடைந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியான மணி தெரியும். என் கத்தியின் நுனி ஒடியவில்லை, கம்பி போலச் சுருண்டது. குறடால் பிடித்து நிமிர்த்தினேன், நிமிர்ந்தது, அப்படியே நின்றது. மறுபடி சணல் கயிற்றில் மாட்டி இழுத்ததும் மறுபடி சுருண்டது. நான் தவறாகவே பயன்படுத்தினேன் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், நீங்கள் சொல்லும் கடினத்தில் இருக்கும் எஃகு இப்படி வளைந்து வளைந்து கொடுக்காது. நுனியில் மட்டும் பதம் போயிருக்கிறது.

எப்படிப் போனது என்பதும் கத்தியிலேயே தெரிகிறது. வெயிலில் வைத்து, வெட்டுவாயை அடியிலிருந்து நுனி வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கறுப்புப் பூச்சு முடிந்து சாணை பிடித்த வெறும் எஃகு தொடங்கும் அந்த மெல்லிய பட்டையில், அடிப்பக்கம் பளிச்சென்ற வெள்ளி நிறம். வளைவின் நடுவைத் தாண்டியதும் வைக்கோல் மஞ்சள் லேசாகத் தொடங்குகிறது. பிறகு பழுப்பு, அதன் பிறகு ஊதா கலந்த நீலம், கடைசியில் நுனியில் மங்கிய சாம்பல். பல மாதம் செடிச் சாறு பட்டால் கார்பன் எஃகில் ஏறும் கறை திட்டுத்திட்டாக இருக்கும், இப்படி வரிசையாக நிறம் மாறாது. சூடு ஏறிய எஃகுதான் இந்த வரிசையில் நிறம் மாறும். சுமார் 220 டிகிரி செல்சியஸில் மஞ்சள், 300-ஐ ஒட்டி நீலம், அதையும் தாண்டினால் சாம்பல். பதம் ஏற்றிய எஃகு அவ்வளவு சூடானால் அதன் கடினம் குறைந்துவிடும். பதம் ஏற்றிய பிறகு கூர் பிடிக்கும்போது, சாணைப் பட்டையில் நுனியை நிறுத்தி அழுத்தியிருக்கிறார்கள். நுனியில் இரும்பு குறைவு, சூடு ஓடிப் போக இடமில்லை. இடையிடையே தண்ணீரில் தொட்டு எடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

இது ஊகம் என்று நீங்கள் சொல்லக்கூடும் என்பதால் அரம் வைத்தும் பார்த்தேன். அடிப்பக்கத்தில் அரம் வழுக்கிக்கொண்டு போகிறது, எஃகில் ஏறவே இல்லை. அதே அரம், அதே அழுத்தம், நுனிக்கு வந்ததும் கடிக்கிறது, தூள் உதிர்கிறது. ஒரே கத்தியில் இரண்டு கடினம் இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? உங்கள் ஆய்வகத்தில் கடினம் அளக்கும் கருவி நிச்சயம் இருக்கும். அடியில் ஒன்று, நுனிக்கு அருகில் ஒன்று என்று இரண்டு இடத்தில் அளந்து, இரண்டு எண்ணையும் எனக்கு எழுத்தில் அனுப்புங்கள். எண்கள் ஒன்றாக இருந்தால் என் புகாரை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

என்னோடு வேலை செய்யும் என் கூட்டாளியிடமும் இதே கத்தி இருக்கிறது, பெட்டியில் இதே தொகுப்பு எண். அதிலும் அதே மஞ்சள், அதே நீலம், அதே இடத்தில். நுனி இன்னும் முழுதாகச் சுருளவில்லை, ஆனால் விளிம்பு ஒரு பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது. இன்னொருவர் வைத்திருப்பது இதற்கு முந்தைய தொகுப்பு. அதில் நிறம் எதுவும் கிடையாது, என்னை விட அதிகமாகவே அதை வேலைக்கு விட்டிருக்கிறார், நுனி ஊசி போல இருக்கிறது. மூன்று கத்தியின் படங்களையும் தொகுப்பு எண்கள் தெரியும்படி இணைத்திருக்கிறேன். ஒரே தோட்டத்தில், ஒரே வகை வேலை. தவறான பயன்பாடு என்றால் அந்தப் பழைய கத்தி மட்டும் எப்படித் தப்பித்தது?

ஹாக்பில் கத்தியில் நுனி என்பது அலங்காரம் இல்லை. நேரான கத்தியில் நுனி மழுங்கினால் மிச்ச வெட்டுவாயை வைத்து வேலையை முடித்துவிடலாம். இதில் நுனிதான் முதலில் பொருளைக் குத்திப் பிடிக்கிறது, அப்படிப் பிடித்தால்தான் உள்வளைவு இழுவையில் அறுக்கிறது. நுனி போனால் கயிற்றின் மேல் வழுக்கும். வழுக்கினால் இழுக்கிற கை நம் பக்கமே வரும். இந்தக் கத்தியை எப்போதும் தன்னை நோக்கித்தான் இழுக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். சுருண்ட நுனியால் வேலை கெடுவதை விட எனக்கு இதுதான் பெரிய கவலை.

உறையும் இதே கவலையைத்தான் தருகிறது. வார்த்த பிளாஸ்டிக் உறை, வளைந்த அலகு உள்ளே போக வேண்டும் என்பதற்காக வாயை அகலமாக விட்டிருக்கிறீர்கள். ஆனால் கத்தியைப் பிடித்து நிறுத்தும் மேடு ஆழமில்லாமல் இருக்கிறது. புதிதில் டக்கென்று பிடித்தது. சில நாளில் தளர்ந்து, நடக்கும்போது லொடலொட என்று ஆடத் தொடங்கியது. செடிப் பக்கம் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த என் கூட்டாளியின் இடுப்பிலிருந்து கத்தி நழுவி, பூட்ஸின் முன்பக்கத்தில் விழுந்தது. கனமான பூட்ஸ் என்பதால் காயம் இல்லை. அன்று அவர் சாதாரணச் செருப்புப் போட்டிருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை. உறையைத் திருப்பித் தட்டிப் பார்த்தால் உள்ளிருந்து பிளாஸ்டிக் சீவல்கள் விழுகின்றன. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் வைக்கும்போதும் அலகு உறையின் சுவரைச் சீவிக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். வளைந்த கத்தியை நேராக உருவ முடியாது, மணிக்கட்டைக் கொஞ்சம் சுழற்றித்தான் எடுக்க வேண்டும். உறையை வடிவமைக்கும்போது அந்தச் சுழற்சிக்கு வழி விட்டு, பிடியின் கழுத்தில் ஒரு பட்டையோ பொத்தானோ வைத்தால் போதும்.

பெட்டிக்குள் இருக்கும் கையேட்டையும் திருத்துங்கள். கூர் குறைந்தால் தட்டையான சாணைக்கல்லில் அடியிலிருந்து நுனி வரை தேய்க்கச் சொல்கிறது. உள்வளைந்த வெட்டுவாயைத் தட்டைக் கல்லில் வைத்தால் அடிப்பக்க மூலையும் நுனியும்தான் கல்லில் படும், நடுவில் வெட்டுகிற இடம் கல்லைத் தொடவே தொடாது. அந்தக் கையேட்டை நம்பித் தேய்க்கிறவர் நல்ல கத்தியின் நுனியையும் தேய்த்துத் தீர்த்துவிடுவார். இந்த வடிவத்துக்கு உருளையான வைரக் கோலோ, விளிம்பு உருண்ட கல்லோ வேண்டும். உருண்டைக் குச்சியில் மணல்தாள் சுற்றித் தேய்த்தால்கூடப் போதும். நான் அப்படித்தான் செய்கிறேன். மரத்துக்கு மரம் நோய் பரவாமல் இருக்க 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து, வேலை முடிந்ததும் ஈரம் போக உலர்த்தி எண்ணெய் தடவி வைக்கிறேன். பிளீச்சிங் கரைசல் எஃகை அரிக்கும் என்று தெரியும், அதைத் தொடுவதில்லை. கார்பன் எஃகு துருப்பிடிக்கும் என்று தெரிந்தேதான் வாங்கினேன், அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

நான் கேட்பது அதிகமில்லை. என்னுடையதையும் என் கூட்டாளியுடையதையும் திரும்ப எடுத்துக்கொண்டு, வேறு தொகுப்பிலிருந்து, நுனியின் கடினம் அளந்து பார்த்த இரண்டு கத்திகளை அனுப்புங்கள். அப்படிக் கையிருப்பு இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இந்தத் தொகுப்பில் விற்காமல் இருப்பவற்றை வெளியே அனுப்பாமல் நிறுத்திப் பரிசோதியுங்கள். ஏற்கனவே வாங்கியவர்களுக்கு நீல நிறம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தகவல் அனுப்புங்கள். உறை நழுவுவது பற்றிய எச்சரிக்கையும் அதிலேயே போகட்டும், புதிய உறை வரும் வரை அவர்கள் கத்தியை இடுப்பில் மாட்டாமல் கூடையில் வைத்துக்கொள்வார்கள்.

கத்தியை அனுப்பச் சொன்னால் நுனிக்குத் தக்கை மாட்டி அனுப்புகிறேன், போக்குவரத்துச் செலவு உங்களுடையது. தவறான பயன்பாடு என்ற பழைய பதிலையே மறுபடி அனுப்புவதாக இருந்தால், நுனியில் அளந்த கடின எண்ணையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள். இரண்டு வாரத்துக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: மூன்று கத்திகளின் படங்கள், உறையின் உட்பக்கப் படம், வாங்கிய ரசீதின் நகல், உங்கள் முந்தைய பதிலின் நகல்