ஈர்க்குச்சி கொடுத்த அத்தைக்கும் மற்றவர்களுக்கும்

எனக்கு உதவிய அனைவருக்கும் வணக்கம்.

ஒன்பது மாதங்களாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் "பொம்மைக்குப் பாவாடை தைத்தாகிவிட்டதா?" என்று சிரித்தவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தைத்தாகிவிட்டது. 1719-இல் லண்டன் தெருவில் நடந்துபோன ஒரு பெண் எப்படி உடுத்தியிருப்பாளோ அப்படி, உள்சட்டையிலிருந்து மேலங்கி வரை, 13 அங்குல மரப்பொம்மையின் அளவுக்கு எல்லாம் கைத்தையலில் முடிந்திருக்கிறது. இதில் பாதி வேலைகூட என்னுடையது இல்லை.

பொம்மையைக் கடைந்து தந்தவர் அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி. சொப்புச் சாமான் செய்கிற கைக்கு இது சின்ன வேலைதான். ஆனாலும் தலையும் உடலும் ஒரே கட்டையில் வரவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால் இரண்டு கட்டைகள் வீணாயின. அதற்கு அவர் காசு வாங்கவில்லை. அவருக்குக் காட்டிய படங்களை எடுத்து அனுப்பியவள் லண்டனில் இருக்கும் என் சித்தி மகள். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கிளாப்பம் பிரபு, கிளாப்பம் சீமாட்டி என்று இரண்டு மரப்பொம்மைகள் இருக்கின்றன. 1690-க்கும் 1700-க்கும் இடையில் செய்தவை. அவற்றுக்கு உள்ளாடை, காலுறை, காலணி எல்லாம் உண்டு. பிரபுவுக்கு வீட்டில் போட்டுக்கொள்ளத் தளர்ந்த பட்டு அங்கி ஒன்றும் இருக்கிறது. அந்த மாதிரி அங்கிக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் பனியன்! திருப்பூர்க்காரர்கள் கவனிக்கவும்.

அடுத்து என் அத்தை. அந்தக் காலத்து மார்க்கச்சையை விறைப்பாக நிறுத்தத் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த தகடுகளைச் செருகுவார்கள். நான் பிளாஸ்டிக்கைத் தேடி அலைந்துகொண்டிருந்தேன். அத்தை ஒன்றும் பேசாமல் கொல்லைப்புறம் போய்த் தென்னந்துடைப்பத்திலிருந்து பத்து ஈர்க்குச்சிகளை உருவிக்கொண்டு வந்தார். நாடா கோர்க்கும் மடிப்பைப் போல 32 மெல்லிய மடிப்புகள் தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஈர்க்கைச் செருகினோம். கச்சை நிமிர்ந்து நின்றது. பிறகு படித்துப் பார்த்தால், திமிங்கிலத் தகடு வாங்க வசதியில்லாத வெள்ளைக்காரர்களும் நாணல் தண்டைத்தான் செருகியிருக்கிறார்கள். அத்தைக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

தெருமுனைத் தையற்கடை பாய்க்குத் தனியாகச் சொல்ல வேண்டும். லினன் என்று இணையத்தில் நான் ஆசையாக வாங்கிய துணியில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். அது உருகி மணியாகத் திரண்டது. "லினனோ பருத்தியோ, எதுவாக இருந்தாலும் காகிதம் எரிகிற வாசனை வரும்மா, இது பாலியஸ்டர்" என்றார். பொம்மைத் தையலில் பெரிய தொல்லை என்னவென்றால், ஆளைச் சிறிதாக்கிவிடலாம், துணியின் கனத்தைச் சிறிதாக்க முடியாது. மடிப்பு விழாமல் பாவாடை கூடாரம்போல நிற்கும். துவைத்துத் துவைத்துத் தேய்ந்த தாத்தாவின் மல் வேட்டியைக் கேட்டு வாங்கச் சொன்னவரும் பாய்தான். மேலங்கிக்கு அழுத்துப் பொத்தான் வைக்கலாம் என்று அவர் சொன்னபோது மட்டும் சண்டை போட்டேன். அந்தக் காலத்தில் குண்டூசியால்தான் குத்திக்கொள்வார்கள். "அப்போ நம்ம புடவை மாதிரிதான்" என்று விட்டுவிட்டார்.

மேலங்கித் துணி, கலம்காரி வரையும் கருப்பூர் ஓவியர் ஐயாவின் கை. கடையில் கிடைக்கும் கலம்காரிப் பூ ஒன்றே என் பொம்மையின் முகத்தைவிடப் பெரியது. ஐயா பாலும் கடுக்காயும் ஏற்றிய துணியில், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த கறுப்பால் கோடு இழுத்து, சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தொட்டு, மிளகளவுப் பூக்களாக வரைந்து தந்தார். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகளில் இப்படிப் படிகாரம் தொட்ட இடத்துக்குச் சிவப்பு தந்தது சாயவேர் என்ற செடியின் வேர்.

1719 ஏன் என்று பலர் கேட்டார்கள். இந்தியாவின் வண்ணப் பருத்தித் துணி இறக்குமதியாவதை 1700-இல் சட்டம் போட்டுத் தடுத்தும் லண்டன் பெண்கள் அந்தப் பூப்போட்ட சீட்டித்துணியை உடுத்துவது நிற்கவில்லை. பிழைப்புப் போன, லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி நெசவாளர்கள் 1719-இல் தெருவில் அப்படி உடுத்திவந்த பெண்களின் ஆடையைக் கிழித்தார்கள். 1721-இல் உடுத்துவதற்கே தடைச்சட்டம் வந்தது.

உள்பாவாடைக்குப் பட்டுத்துண்டு கொடுத்த காஞ்சிபுரத்து நெசவாளரிடம் இந்தக் கதையைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "கிழித்தது தப்புதான். ஆனால் அவன் தறியும் நின்றுதானே போயிருக்கும்?" எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்கும் சேர்த்து அவருக்கு நன்றி.

கடைசியாக அம்மாவுக்கு. கொலுவில் வெள்ளைக்காரிக்கு இடம் கிடையாது என்று முதலில் சொன்னவர், பிறகு செட்டியார் பொம்மைக்கு முன்னால் அவளை நிறுத்திவிட்டார். செட்டியாரின் அரிசி, பருப்புக் கிண்ணங்களை ஓரமாக ஒதுக்கி, கருப்பூர்த் துணியில் மிஞ்சிய துண்டை மடித்து வைத்திருக்கிறார். வந்தவர்களிடம் "சீட்டித்துணி வாங்க வந்திருக்கிறாள், விலை படியவில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.