விபத்து இடத்துக்கு முதலில் வரும் காவலர்களுக்கு ஒரு குட்டி யானை டிரைவரின் திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

தண்டையார்பேட்டைக்கும் மணலிக்கும் நடுவே குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவன் நான். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, எர்ணாவூர் பக்கம், பாதிச் சாலையை அடைத்து நின்ற கன்டெய்னர் டிரெய்லரின் பின்னால் போய் இடித்தேன். அதற்கு டெயில் லைட் எரியவில்லை. சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை மேல் சேறு அப்பிக் கிடந்தது. வந்த காவலர் என் வண்டியின் நசுங்கிய முகப்பை மட்டும் பார்த்தார். "பின்னாடி வர்றவன்தானே பார்த்து வரணும்?" அத்தோடு விசாரணை முடிந்தது. துறைமுகத்துக்குப் போகும் வரிசை நகர, டிரெய்லரும் போய்விட்டது.

அவர் சொன்னதில் பாதி சரி. லாரிக்குப் பின்னால் 10, 15 அடி இடைவெளியில் வந்து இடித்த காரின் டிரைவர் மேல்தான் தவறு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 40இல் போகிற வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடும். 15 அடியைக் கடக்க அரை நொடிகூட ஆகாது, கால் பிரேக்குக்குப் போவதற்குள் இடித்திருப்போம். (நம் ஊரில் 15 அடி விட்டால் அதில் ஒரு பைக் நுழையும், அது வேறு கதை.)

மீதிப் பாதிக்கு, 2017 ஜனவரியில் கோவையில் நடந்த விபத்தைப் பாருங்கள். முன்னால் போன கார் நெடுஞ்சாலையில் சட்டென்று நின்றது. பைக்கில் வந்த கல்லூரி மாணவர் அதில் மோதி விழ, பின்னால் வந்த பஸ் ஏறி அவருக்குக் கால் போனது. கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்ததால் நிறுத்தினேன் என்றார் கார்க்காரர். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிரித்த கணக்கு: எச்சரிக்காமல் நிறுத்திய காருக்கு 50 சதவீதம், பஸ்ஸுக்கு 30, மாணவருக்கு 20. பின்னால் போய் இடித்தவரின் பங்குதான் இருப்பதிலேயே சிறியது.

ஓடுகிற கார் நின்றதற்கே அப்படி. இருட்டில் விளக்கில்லாமல் நிற்கிற டிரெய்லருக்கு? ஆபத்து வரும்படி வண்டியைச் சாலையில் நிறுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆவது பிரிவு சொல்கிறது. நீங்கள் அறியாததா?

என்னிடம் இருப்பது தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும், என் வண்டிச் சேதத்துக்கு அதில் பணம் வராது. முகப்பைச் சரிசெய்த செலவை டிரெய்லரின் இன்சூரன்ஸில் கேட்க வேண்டுமென்றால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகணும். அங்கே என் வாய்ச்சொல்லைவிட விபத்து இடத்தைப் பார்த்து நீங்கள் எழுதும் மகஜரும் வரைபடமும்தான் பேசும்.

அதனால் கேட்பது இதுதான். முன்னால் நின்ற வண்டியை நகர்த்தும் முன் ஒரு நடை அதன் பின்னால் போய்ப் பாருங்கள். லைட்டைப் போடச் சொல்லுங்கள், பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். எரிகிறதோ இல்லையோ, போனில் ஒரு போட்டோ எடுங்கள். சாலையில் எவ்வளவு தூரம் உள்ளே நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் என் பங்கு 20 என்றாலும் சரி, 50 என்றாலும் சரி, கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை குட்டி யானைக்காரன்